மூடிய சுரங்கத்துக்கு யார் வழிகாட்டி?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நான் பிறந்த திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தவர் அவர் என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். பொன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த இன்னொரு கதை, அம்மாவைப் பெற்ற தாத்தா சொன்னது. அவர் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அவருடைய தகப்பனார் காலத்திலேயே குடியாத்தம் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போன குடும்பம். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் படிப்பில்லை. இரு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல்.

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவைப் பார்க்கப் போயிருந்தேன். மாமன் மகனும் அவன் நண்பர்களும், "வாடா, சுரங்கம் பார்க்கலாம்" என்று அழைத்தார்கள். தங்கக்கல்லை மாவாக அரைத்த ஆலைகள் இருந்த பகுதியைத் தாண்டி, அரைத்த மண் மலைபோல் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். முட்புதருக்குள் ஒரு பழைய சுரங்க வாய். கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி போயிருப்போம். காலடியில் ஈரம். எங்கோ நீர் சொட்டும் ஓசை. ஒருவன் படம் எடுத்தான். எனக்கு நெஞ்சு அடைப்பது போலிருந்தது; பயமா, காற்றில்லையா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. திரும்பி ஓடி வந்துவிட்டோம்.

இரவு தாத்தாவுக்குச் செய்தி எட்டியது. கோபமே வராத மனிதர் அவர். "காத்து இல்லாத எடத்துல உனக்கு என்னடா வேலை? நாங்க சோத்துக்குப் போனோம். நீ எதுக்குடா போன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்னதை நான் படித்த பாடத்தோடு ஒட்டிப் பார்த்தேன். கைவிட்ட சுரங்கத்தில் விசிறிகள் ஓடுவதில்லை. முட்டுக்கொடுத்த மரம் மக்கும்போதும், பாறையிலுள்ள கந்தகக் கலவைகள் மாற்றமடையும்போதும் அங்குள்ள ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. பிராணவாயு குறைந்த அந்தக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கைபேசி விளக்கு அங்கும் பளிச்சென்றுதான் எரியும். அதுதான் அதன் வஞ்சகம். மெழுகுவர்த்தியாவது அணைந்து எச்சரிக்கும். 2020 மே மாதத்தில் தங்கக்கல் தேடி மாரிக்குப்பம் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மூவர் மாண்டனர். எனவே, சாகசம் என்ற பெயரில் இந்தப் பொந்துகளுக்குள் நுழைவதை நான் கண்டிக்கிறேன். நுழைந்தவன் என்ற முறையில்தான் கண்டிக்கிறேன்.

ஆனால் வாயை அடைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்போருடனும் எனக்கு உடன்பாடில்லை. எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும் வரை, ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்ததும் தங்கவயலுக்கே. 1965இல் அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞர்களும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். "ஆமாம், கீழே விஞ்ஞானிங்க இருந்தாங்க, அவங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போனதே நம்ம ஆளுங்கதான்" என்றார், ஏதோ அடுத்த தெருச் செய்தி போல!

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்ததில் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். கல்தூளால் வரும் சிலிகோசிஸ் நோய் தங்கவயல் தொழிலாளரில் மிகப் பலரைப் பற்றியிருந்ததை 1940களின் மருத்துவ ஆய்வுகளே காட்டின. கைரேகை எடுத்துப் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றையெல்லாம் எந்தப் பள்ளியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. தங்கவயல் என்றதும் இன்று நம் மாணவர்க்கு நினைவு வருவது 2018இல் வந்த திரைப்படம்தான். அதற்கும் தாத்தா சொல்லும் ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் ஒன்றே உண்டு.

பிற நாட்டார் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்று நீரால் ஓடிய மாவு ஆலைகளுக்கு அடியில் நீர் போகும் சுரங்கங்கள் இருந்தன. ஆலைகள் நின்றபின், இடிந்த வாஷ்பர்ன் ஆலையின் சுவர்களுக்கு உள்ளேயே 2003இல் அருங்காட்சியகம் எழுப்பினார்கள். அதைவிட என்னைக் கவர்ந்தது வேல்ஸ் நாட்டின் 'பிக் பிட்' நிலக்கரிச் சுரங்கம். 1980இல் மூடி, 1983இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள். தலைக்கவசமும் விளக்கும் மாட்டி, தீப்பெட்டி, கைபேசி எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிட்டு, 300 அடி ஆழத்துக்குக் கூண்டில் இறக்குகிறார்கள். வழிகாட்டிகளாக நின்றவர்கள் சுரங்கத்தில் உழைத்த தொழிலாளர்களே.

செலவு ஆகுமே, சுரங்கம் நீரில் மூழ்கிக் கிடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் இறைக்கும் பம்புகள் நின்றுபோன பின் மூன்று கிலோமீட்டர் ஆழத்தை மீட்க முடியாதுதான். ஆனால் அது தேவையில்லையே! மேல்மட்டத்தில், பாறை உறுதியாக உள்ள ஒரே ஒரு சுரங்கப் பாதையை, நூறு கஜ நீளமாவது, காற்றும் முட்டும் விளக்கும் அமைத்துத் திறந்தால் போதும். அந்த ஊர் இளைஞர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும். கல்லுக்கும் இரும்புக்கும் அவசரமில்லை, இன்னும் ஐம்பது ஆண்டு கிடக்கும். கூண்டில் இறங்கிய மனிதர்கள் கிடக்கமாட்டார்கள். கடைசி நாள் வரை வேலை பார்த்த என் தாத்தாவுக்கே எண்பது நெருங்குகிறது.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நம் துறையின் கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறது. அடுத்த முறை தங்கவயலுக்குப் போகலாம். சுரங்கத்துக்குள் அல்ல, மேலே நின்று பார்ப்போம், கேட்போம். தாத்தாவிடம் பேசிவிட்டேன். வருகிறேன் என்றார். மாசி மாதத்துக்குள் வரச்சொன்னார். பங்குனி வெயிலில் அந்த மேட்டைச் சுற்றி நடக்க அவரால் ஆகாதாம்.