தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், வண்டி விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள், மூன்று சாராரும் கடைசி வரை படியுங்கள்.

சின்ன லோடு வண்டிக்காரரிடம் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று காசு வாங்கிக்கொண்டு, கியர் பாக்ஸ் போனதும் கையை விரிப்பதற்கு வியாபாரம் என்று பெயர் இல்லை. ஏமாற்று என்றுதான் பெயர். "படிக்காம கையெழுத்துப் போட்டது அவன் தப்பு" என்று நம் குடும்ப குரூப்பிலேயே சிலர் எழுதினீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பி மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றுகிறவன். ஒரே பிக்கப் வண்டி, டிரைவரும் அவனே. கம்பெனி வாரண்டி 3 வருடம். அதற்கு மேல் 2 வருடத்துக்கு என்று 14,500 ரூபாய் தனியாகக் கட்டினான். நாலாவது வருடம் மூன்றாவது கியரில் உறுமல் சத்தம் கேட்டது. சில நாளில் கியரே விழவில்லை. சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். வாரண்டியில வரலேன்னா பிரிச்ச கூலி உங்களோடது" என்று முதலில் ஒரு கையெழுத்து. பிரித்தால் பேரிங் நொறுங்கி, அந்த இரும்புத் தூள் பல்சக்கரங்களைத் தின்றிருக்கிறது. எஸ்டிமேட் 68,000 ரூபாய். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: கிளெய்ம் நிராகரிப்பு. காரணம் ஒன்று, ஒரு சர்வீஸை 900 கிலோமீட்டர் தாமதமாக விட்டானாம். காரணம் இரண்டு, இது 'தேய்மானமாம்'.

இரண்டையும் விடைத்தாள் திருத்துவது போலத் திருத்துவோம்.

தாமதமானது எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் சர்வீஸ். அவன் வண்டியில் கியர் பாக்ஸ் தனிப் பெட்டி, அதற்குத் தனி ஆயில். எஞ்சின் ஆயில் அங்கே போவதே இல்லை. கியர் ஆயிலை உரிய நேரத்தில், அதே சர்வீஸ் சென்டரில் மாற்றிய பில் அவனிடம் இருக்கிறது. அப்படியானால் அந்த 900 கிலோமீட்டருக்கும் இந்தப் பேரிங்குக்கும் என்ன தொடர்பு? ஆயில் சீல் கசிந்து ஆயில் குறைந்திருக்கலாம். பேரிங்கே குறையோடு வந்திருக்கலாம். அதிக பாரமும் காரணமாகலாம். இதில் எது என்று அவர்கள் அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை. காரணம் காட்டாமல் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

அடுத்தது தேய்மானம். கிளட்ச் பிளேட் தேயும், பிரேக் ஷூ தேயும். உராய்வதுதான் அவற்றின் வேலை. அதற்கு யாரும் வாரண்டி கேட்கவில்லை. கியர் பாக்ஸ் பேரிங் ஆயிலில் ஓடுவது, எளிதில் தேயக்கூடாது என்றே செய்யப்பட்டது. சுற்றுகிற சாமான் எல்லாமே தேய்மானக் கணக்கு என்றால் கியர் பாக்ஸுக்குள் சுற்றாத சாமான் எத்தனை இருக்கிறது? அந்த 14,500 ரூபாய் எதைக் காப்பாற்ற? வண்டி நம்பர் பிளேட்டையா?

இப்போது "படிக்காமல் கையெழுத்து" விஷயத்துக்கு வருகிறேன். அவன் எதைப் படித்திருக்க முடியும்? ஷோரூமில் கடன் பேப்பர், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாவற்றோடும் சேர்த்துப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். விதிமுறைப் புத்தகம் பணம் கட்டி மூன்று வாரம் கழித்து வந்தது. ஆறு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். விளம்பரப் பலகை மட்டும் நல்ல தமிழில் இருந்தது. விற்கும்போது தமிழ் வருகிறது, மறுக்கும்போது ஆங்கிலம் வருகிறது. 34 வருடம் தேர்வு நடத்தியவள் நான். தேர்வு முடிந்து கேள்வித்தாள் கொடுக்கிற பள்ளிக்கூடத்தை எங்கும் பார்த்ததில்லை. இதில் தேர்வு நடத்துவது அவர்கள், திருத்துவதும் அவர்கள் ஊழியர், மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டாலும் பிரிப்பது அவர்களே.

வேறு ஊரில் சர்வீஸ் அட்வைசராக இருக்கும் என் மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், நீங்க ஒரு பக்கம் மட்டும் பேசுறீங்க. ஒரு டன் வண்டியில ரெண்டு டன் ஏத்துறாங்க, ரோட்டோரத்துல கலப்பட ஆயில் ஊத்துறாங்க, அப்புறம் வாரண்டி கேக்குறாங்க. மேலேர்ந்து எங்களுக்கும் டார்கெட் இருக்கு" என்றான். அவன் சொல்வது பொய்யில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் பாரம் ஏற்றினான் என்றால் அதை நிரூபியுங்கள். வகுப்பில் ஒருவன் காப்பி அடித்தான் என்பதற்காக நாற்பது பேரையும் ஃபெயில் போட முடியுமா? உனக்கும் ஒன்று சொல்கிறேன், கண்ணு. டார்கெட்டுக்காக விற்கும்போது "எது எதுக்குக் கிடைக்காது" என்பதையும் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டு விற்றுவிடு. அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்ததும் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம். 'குட்வில்' அடிப்படையில் பாதித் தொகை தருகிறார்களாம், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதித் தர வேண்டுமாம். ஒன்றுமே தர வேண்டியதில்லை என்றால் பாதி ஏன் தருகிறாய்? தர வேண்டியது என்றால் அதற்குப் பெயர் ஏன் தருமம்?

வண்டி நின்றது 41 நாள். ஃபைனான்ஸ்காரன் டியூவை நிறுத்தவில்லை. அவன் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். பாதியாவது வாங்கிக்கொள் என்று சொல்கிற உறவுகள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அவன் அந்தப் பாதியை வாங்கவில்லை. 'என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து முழுப் பணத்தையும் கட்டி வண்டியை எடுத்தான். வழக்கு இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

"லோடு வண்டி தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று அடுத்து மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-ஐப் பாருங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவதை அது வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறது.

ஆகவே என் பிள்ளைகள் செய்ய வேண்டியவை:

1. பணம் கட்டும் முன்பே விதிமுறைப் புத்தகத்தைக் கேளுங்கள். 'எதற்குக் கிடைக்காது' என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். ஆன்ரோடு விலைக்குள் வாரண்டியைச் சேர்த்திருந்தால் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

2. ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் வந்த முதல் நாளே போய்ப் பதிவு செய்யுங்கள்.

3. பிரிக்கும்போது கூட நின்று படம் எடுங்கள். உடைந்த பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

4. நிராகரிப்பைப் போனில் ஏற்காதீர்கள். எந்த விதி, என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

5. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை.

கம்பெனிகளிடம் நான் கேட்பதும் பெரிதில்லை. வாரண்டி விதிகளைத் தமிழில், பணம் வாங்கும் முன் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை நிரூபியுங்கள். சந்தேகம் வந்தால் வெளியாள் ஒருவர் பரிசோதிக்கட்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் அந்த வாரண்டியை விற்கவே வேண்டாம்.

இதே மாதிரி நிராகரிப்புக் கடிதம் உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் உட்கார்ந்து தமிழில் எழுதித் தருகிறேன். புகார்க் கடிதமும் எழுதுவோம். ஓய்வுதானே பெற்றிருக்கிறேன், பேனாவை இன்னும் மூடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்