கயிலைக்குப் போகிறவர் பட்டினி கிடக்கலாமா?

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று களைகட்டும். நூற்றியொரு சுற்று, ஐந்நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றுகிறவர்களில் அறுபதைக் கடந்தவர்களும் உண்டு. அரை வயிற்றோடு இவ்வளவு நடக்கிற உடம்பு கயிலாயத்தையும் வலம் வந்துவிடும் என்று நம்பிக் கிளம்பினால், அங்கே கணக்கு தவறும்.

கயிலை வலத்தின் உச்சியான டோல்மா கணவாய் சுமார் 5,600 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பதும் பாதிதான். ஈடுகட்ட நுரையீரலும் இதயமும் கூடுதலாக உழைக்கின்றன. அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 4,300 மீட்டரில் தங்கவைத்து அளந்தபோது, சும்மா இருக்கையிலேயே உடல் எரிக்கும் சக்தி முதல் சில நாட்களில் கால் பங்குக்கு மேல் கூடியிருந்தது.

செலவு கூடுகிற அந்த நேரத்தில்தான் பசி அடங்கிப்போகிறது. 1985-ல் அமெரிக்காவில் எட்டு இளைஞர்களை ஓர் அழுத்த அறைக்குள் வைத்து, நாற்பது நாட்களில் படிப்படியாக எவரெஸ்ட் உச்சியின் காற்றழுத்தத்துக்குக் கொண்டுபோனார்கள். குளிர் இல்லை, கேட்ட சாப்பாடு கிடைத்தது. அப்படியிருந்தும் அவர்கள் உண்ட அளவு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்த ஆறு பேரும் சராசரியாக ஏழு கிலோ இளைத்தார்கள். கரைந்ததில் பெரும்பகுதி கொழுப்புகூட இல்லை.

ஆகவே மலையில் விரதம் வேண்டாம். பசிக்காவிட்டாலும் கஞ்சியோ சோறோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். கொழுப்பைவிட மாவுச்சத்தை எரிக்கச் சற்றுக் குறைந்த ஆக்சிஜன் போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது: வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டு கால் வயிறு சாப்பிட்டால் 'லோ சுகர்' வந்துவிடும். மருந்தின் அளவைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

உடம்பு உயரத்துக்குப் பழக நாட்கள் வேண்டும். சியாச்சினுக்குப் போகும் இருபது வயது ஜவானையே ராணுவம் 9,000 அடியில் ஆறு நாள், 12,000-ல் நான்கு நாள், 15,000-ல் இன்னும் நான்கு நாள் என்று நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுகிறது. இந்திய அரசு நடத்தும் கயிலாய யாத்திரையிலும் மருத்துவப் பரிசோதனையில் தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகக் கயிலைக்குப் போகிறவர்கள் கதை வேறு. நேபாள்கஞ்ச் சங்கரன்கோவிலைப் போலவே தாழ்வான ஊர். அங்கிருந்து சிமிகோட்டுக்கு விமானம், பிறகு 3,600 மீட்டர் உயர ஹில்சாவுக்கு ஹெலிகாப்டர். 'குறைந்த நாட்களில் கயிலை' என்று விளம்பரம் செய்யும்போது, வெட்டப்படுவது பெரும்பாலும் இந்தப் பழகும் நாட்கள்தான்.

தமிழக அறநிலையத் துறை கயிலாய மானசரோவர் சென்று வந்தவர்களுக்கு மானியம் தருகிறது. இந்த மானியத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: எந்த உயரத்தில் எத்தனை இரவு தங்க வைத்தார்கள் என்று பயண நிறுவனம் எழுத்தில் தரட்டும். அந்தத் தாள் இல்லாத விண்ணப்பத்தை வாங்க வேண்டாம். கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் யாத்திரை போகிறவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே ஏஜென்ட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.