முதலில் வேலையா, பயிற்சியா? ஆலோசகர்களுக்கு ஒரு புதுப் பாடம்

நோயோ, விபத்தோ ஒருவரை முடக்கிப் போட்டுவிடுகிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் பிழைப்புக்கு என்ன வழி?

அமெரிக்காவில் இதற்கு வழி சொல்வதற்கென்றே ஒரு தொழில் உண்டு. அதைச் செய்கிறவருக்கு "மறுவாழ்வு ஆலோசகர்" என்று பெயர்.

அவர் டாக்டர் அல்ல. மருந்து கொடுக்க மாட்டார். வந்தவரை உட்கார வைத்துப் பேசுவார். என்ன வேலையில் ஆசை, என்ன செய்ய முடியும் என்று கேட்பார். முதலாளிகளையும் போய்ப் பார்ப்பார்.

1920-ம் ஆண்டிலேயே இதற்கு அங்கே சட்டம் வந்தது. 1954-ம் ஆண்டுச் சட்டம், ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பண உதவி செய்தது.

அந்த வகுப்புகளில் இன்று ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "ஆதாரம் எங்கே?"

அனுபவம் மட்டும் போதுமா?

"எனக்கு இருபது வருஷ அனுபவம். நான் சொன்னால் சரியாக இருக்கும்" என்பது ஆதாரம் ஆகாது. "எங்கள் ஆபீசில் எப்போதும் இப்படித்தான்" என்பதும் ஆகாது.

இந்தப் பாடம் வைத்தியத் துறையிலிருந்து வந்தது. கனடா நாட்டில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் டேவிட் சாக்கெட் இதற்கு ஒரு முன்னோடி. ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை, வைத்தியரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி.

தலைகீழாகப் போன முடிவு

கடுமையான மனநோய் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். முதலில் நீண்ட காலம் பயிற்சி, பிறகுதான் வெளி வேலை என்பது பழைய வழக்கம். அவர்களுக்கென்றே தனிப் பட்டறைகள் இருந்தன. அங்கே குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். "பாவம், வெளியே போனால் தாங்க மாட்டார்கள்" என்ற இரக்கம்தான் காரணம். அந்த இரக்கமே பலரைப் பட்டறையில் கட்டிப்போட்டது!

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் இதைத் திருப்பிப் போட்டார்கள். வேலை கேட்கிறவருக்கு உடனே வெளியில் வேலை தேடு. சேர்ந்த பிறகு கூடவே இருந்து உதவி செய். இதுதான் அவர்கள் முறை.

எது சரி? வாஷிங்டன் நகரில் 152 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் புது முறை, மறு பாதிக்குப் பழைய முறை. 18 மாதம் கவனித்தார்கள். 1999-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று.

புது முறையில் 100-க்கு 61 பேர் வெளி வேலையில் சேர்ந்தார்கள். பழைய முறையில் 9 பேர்தான்!

ஐரோப்பாவில் ஆறு நகரங்களிலும் சோதித்தார்கள். 2007-ல் வந்த அந்த முடிவில் புது முறைக்கு 55 பேர், பழையதற்கு 28 பேர்.

மறு பக்கமும் உண்டு

இத்தோடு கை தட்டிவிட்டுப் போகிற மாணவர் பாதிப் பாடம்தான் படித்தவர். வாஷிங்டனில் இரண்டு கூட்டத்தாருக்கும் மொத்த வருமானம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பட்டறையும் கூலி கொடுத்ததல்லவா? புது முறையிலும் 100-க்கு 39 பேருக்கு வெளி வேலை கிடைக்கவில்லை. எதிரே இருப்பவர் 61-ல் ஒருவரா, 39-ல் ஒருவரா? எந்தப் புத்தகமும் இதைச் சொல்லாது.

ஆகவே மாணவருக்கு ஐந்து படி சொல்லித் தருகிறார்கள். கேள்வியைத் தெளிவாகக் கேள். ஆராய்ச்சியைத் தேடு. அது நம்பத்தக்கதா என்று பார். வந்தவரின் விருப்பத்தோடு பொருத்திச் செய். பலன் உண்டா என்று திரும்பிப் பார்.

முதல் நான்கும் வகுப்பில் வந்துவிடும். ஐந்தாவதுதான் கஷ்டம். மேஜை நிறைய ஃபைல் இருக்கும்போது, மூடிய ஃபைலை யார் திறந்து பார்ப்பார்கள்?

உதவித் தொகை போய்விடுமா?

வந்தவருக்கு வேறு பயமும் உண்டு. வேலைக்குப் போனால் அரசாங்க உதவித் தொகை நின்றுவிடுமோ? மருத்துவச் செலவுக்கு எங்கே போவது? குடும்பமே இதைக் கேட்டுத் தயங்குகிறது. எவ்வளவு சம்பாதித்தால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டிரேக், பெக்கர் முறையில் இதுவும் ஒரு விதி.

2014-ம் ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு சட்டம் வந்தது. 24 வயதோ அதற்குக் குறைவோ உள்ளவரை, மறுவாழ்வு உதவி கொடுத்துப் பார்க்காமல், சட்டக் கூலிக்கும் குறைந்த கூலி வேலைக்கு அனுப்பக்கூடாது. "இவரால் முடியாது" என்று எழுதுமுன் ஆலோசகர் முயன்று பார்த்தே ஆக வேண்டும்.