அணைத்தால் மூடும் ஆளி

சென்ற சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் உள்ள நம் இல்லத்தில் ஒரு சிறு விபத்து நேர்ந்தது. மண்டபத்து மின்குமிழ் பழுதுற்றிருந்தது. மொறட்டுவையிலே பொறியியல் பயிலும் நம் மருமகன், சுவரிலிருந்த ஆளியை அணைத்துவிட்டு, மேசைமீதேறிக் குமிழைக் கழற்ற முற்பட்டான். மறுகணம் மேசையினின்றும் கீழே கிடந்தான். நல்ல காலம், முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று.

"மாமா, சுவிச் நிப்பாட்டித்தானே இருந்தது?" என்று அவன் கேட்டபோது நாம் வெட்கினோம். விடை தெரியாமையால் அன்று. இருபது ஆண்டுகளாக வகுப்பிலே மின்சுற்றுப் படிப்பித்து வரும் நாம், குடியிருக்கும் வீட்டின் சுற்றை ஒரு நாளாவது சோதித்துப் பார்த்ததில்லை என்பதனால்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைப்பித்தோம். அவர் ஒரு கணம் சோதித்துவிட்டு, "மாஸ்டர், சுவிச் பிழையான கம்பியிலை கிடக்கு" என்றார். உயிர்க்கம்பியில் இருக்க வேண்டிய ஆளியை, முன்னொருநாள் எவரோ நொதுமற் கம்பியிற் பொருத்திவிட்டிருந்தார். விளக்கு அணையும், ஆயினும் 230 வோல்ற்று குமிழின் வாயிலே காத்துக்கொண்டிருக்கும்.

அந்நேரம் இரத்மலானையிலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று கடலோரமாகப் பறந்து சென்றது. மருமகனின் கண் உடனே வானத்துக்குப் போயிற்று. விமானத்தில் அவனுக்கு ஆசை அதிகம். தன் கையாலேயே ஒன்றைக் கட்ட வேண்டுமென்று தாயாருக்குத் தெரியாமல் நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறான். வீண் ஆசை என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை. இக்கொழும்பிலேயே அதைச் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்த றே விஜேவர்த்தன, கமத்தொழிற் பொறிகளால் உலகறியப்பட்டவர். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு செலுத்தியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக வீற்றிருந்தவர். ஓய்வு நேரமெல்லாம் இலகு விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே பறந்து பார்த்தவர்.

"கட்டுவாயானால் இன்றைய பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்" என்றோம் நாம். அவன் விழித்தான். வாசகர்களும் விழிக்கக்கூடும், ஆதலின் விளக்குவோம்.

சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றின் எஞ்சினில் தீப்பொறியை உண்டாக்குவது மக்னீற்றோ என்னும் காந்தப் பொறி. அதற்கு மின்கலம் வேண்டாம். எஞ்சின் சுழலக் காந்தம் சுழலும்; சுருளில் மின்னோட்டம் பிறக்கும்; தொடுமுனைகள் பிரியும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட்டு, உயரழுத்தமாகிப் பொறியாகப் பாயும். இதனை நிறுத்துவது எங்ஙனம்? சுருளிலிருந்து வரும் கம்பியை எஞ்சினின் உடலோடு இணைத்துவிட்டால், தொடுமுனைகள் பிரிந்தாலும் ஓட்டம் அறுபடாது, பொறியும் பிறவாது. ஆகவே விமானியின் ஆளி "அணை" என்னும் நிலையில் சுற்றை மூடுகின்றது; "எரி" என்னும் நிலையில் திறக்கின்றது.

ஏன் இவ்வாறு அமைத்தார்கள்? வானத்திலே அதிர்வினால் அக்கம்பி அறுந்தாலும் எஞ்சின் நிற்கலாகாது என்பதற்காகவே. அதற்கும் மேலே, மக்னீற்றோக்கள் இரண்டு. ஒவ்வோர் உருளைக்கும் தீப்பொறிச் செருகிகள் இரண்டு. 1935 இல் இரத்மலானையில் முதன்முதலாக வந்திறங்கிய புஸ் மொத் விமானம் சென்னைப் பறப்புக் கழகத்தைச் சேர்ந்தது. பாக்குநீரிணையைக் கடந்து வந்த அதன் எஞ்சினும் மக்னீற்றோவையே நம்பியிருந்தது.

ஆனால் அதே கம்பி தரையிலே அறுந்து கிடந்தால்? ஆளியைச் "அணை" யில் வைத்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் விசிறியைக் கையால் மெல்லத் திருப்புகிறார். உருளையில் எஞ்சியிருந்த சிறிது பெற்றோல் போதும். விசிறி ஒரு சுற்றுச் சுழலும். கையோ தலையோ எதிரே இருந்தால், நம் மருமகனுக்கு வாய்த்தது போன்ற நல்ல காலம் அவருக்கு வாய்க்காது.

இக்குற்றத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பறக்குமுன் விமானி எஞ்சினை ஓடவிட்டு, ஒரு மக்னீற்றோவை அணைத்துப் பார்ப்பார். செஸ்னா 172 இன் பல வகைகளில் நிமிடத்துக்கு 1700 சுற்றில் இதைச் செய்வார்கள்; 125 சுற்றுக்கு மேல் குறையலாகாது. சிறிதும் குறையாவிட்டால் புதியவர் மகிழ்வார். பழகியவரோ அஞ்சுவார். குறையவில்லையெனில் அணையவில்லை என்பதன்றோ பொருள்?

சரி, கம்பியைச் சோதிப்போம் என்று மக்னீற்றோவிலிருந்து அதைக் கழற்றுகிறோம். கழற்றிய அக்கணமே மக்னீற்றோ விழித்துவிடும்! ஆதலின் முதலிற் செய்ய வேண்டியது செருகிகளின் கம்பிகள் யாவற்றையும் கழற்றி ஒதுக்குவது. அதன் பின்னரே மீற்றர். கழற்றிய கம்பியின் நுனிக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே, ஆளி "அணை" யில் இருக்கும்போது தடை ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்ட வேண்டும்; "எரி" யில் முடிவிலி. பூச்சியம் வராவிட்டால் புதிய ஆளி வாங்க ஓடுவது வீண் செலவு. பழுது பெரும்பாலும் கம்பியின் முனையிலேதான் இருக்கும். ஈயம் பற்றவைத்த முனையில், ஈயம் ஊறி விறைத்த இடத்தின் விளிம்பிலே கம்பி ஒடிவது வழக்கம். அதனாலேயே முனைகளை நெரித்துப் பொருத்துகிறார்கள். கடற்காற்று வீசும் நம் கரையில் செம்பு முனைகளிற் பச்சைக் களிம்பு பிடிப்பதையும் மறத்தலாகாது.

மரத்தாலும் துணியாலும் கட்டிய விமானத்தில் இன்னுமொரு தொல்லை. மின்னோட்டம் திரும்பிச் செல்ல உலோக உடல் இல்லை. புவிக் கம்பிகளை எல்லாம் ஓரிடத்திற் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்விணைப்புத் தளர்ந்தால், விளக்கைப் போட எண்ணெய் வெப்பம் காட்டும் முள் ஆடும். விளக்குக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்று மாதக்கணக்கில் தலையைச் சொறிவார்கள்.

இறங்கிய பின் எஞ்சினை நிறுத்துமுன், மெல்ல ஓடும்போது ஆளியை ஒரு கணம் "அணை" க்குத் திருப்பி மீட்பது நல்ல விமானிகளின் வழக்கம். எஞ்சின் திக்க வேண்டும். திக்காவிட்டால் விசிறியில் ஓர் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு விடுவார்கள். பழுது பார்த்து முடியும்வரை எவரும் அதை அண்டுவதில்லை.

இத்தனையையும் கொட்டாஞ்சேனைப் பெரியவர் ஏணியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கம்பிகளை மாற்றிப் பூட்டி இறங்கிய பின், ஆளியை நான்கு முறை போட்டு அணைத்தார். ஒவ்வொரு முறையும் சோதனைத் திருப்புளியை மருமகனின் கையிற் கொடுத்து, "நீங்களே பாருங்கோ, தம்பி" என்றார்.