பட்டா ஒருவருக்கு, பாடு ஒருவருக்கு

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும் நவம்பரில், டெல்டாவின் பொதுச் சேவை மையங்களில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அறுபதைத் தாண்டிய முதியவர். கால் சேறு காயாமல் வயலிலிருந்து நேரே வந்த பெண். கையில் இருக்கும் சிட்டா நகலில் வேறொருவர் பெயர். பட்டாதாரர் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். ஓடிபி அவர் கைப்பேசிக்குப் போனால், அவர் வேலைக்கு நடுவே எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை இங்கே காத்திருக்க வேண்டியதுதான்.

ஊரை விட்டுப் போவது தஞ்சைக்குப் புதிதல்ல. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் படிப்பையும் உத்தியோகத்தையும் தேடிப் பட்டணம் போன கதை நூறாண்டுப் பழசு. கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று போவதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. கூலி கேட்ட பூசலில் 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. அந்தப் பிள்ளைகள் வெளியேறுவதில் விடுதலையும் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறையை ஒருவாறு சமாளித்துவிட்டோம். நடவு இயந்திரம், நேரடி விதைப்பு, பெல்ட் வகை அறுவடை இயந்திரம், மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்கள் என வழிகள் கிடைத்தன. சமாளிக்காதது வேறு: முடிவெடுக்க வேண்டியவர் ஊரில் இல்லை, ஊரில் பாடுபடுபவர் பதிவேட்டில் இல்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதலே சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று உடையவர் அஞ்சுவதால், பெரும்பாலான குத்தகை இன்றும் வாய்ப்பேச்சுதான். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் உள்ள குடும்பத்துக்கே. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கு இடமுண்டு. ஆனால் சான்று வேண்டும். பயிர் அழுகினால் உரக்கடைப் பாக்கி சாகுபடி செய்தவர் தலையில். நிவாரணம் பெரும்பாலும் பட்டாதாரர் கணக்கில்.

வாய்க்காலிலும் இதே கதை. ஏ, பி வாய்க்கால்களை நீர்வளத் துறையும், சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் தூர்வாருகின்றன. அதற்கும் கீழே வயலுக்கு வயல் ஓடுவதை ஒரு காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வெட்டினார்கள். இன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியூர்க்காரர் பங்கில் வடிகால் அடைபட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகுவது பக்கத்து வயல் பயிர்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு ஊரிலும் பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில், உண்மையில் சாகுபடி செய்பவர் பெயரையும் எழுதி வையுங்கள். காலை 11 மணிப் பயிற்சி வகுப்புக்கு நடவுக்குப் போன பெண்கள் வரமாட்டார்கள். மாலையில் அவர்கள் தெருவுக்கே போய் நடத்துங்கள். பொங்கலுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் ஊர் வரும் பட்டாதாரர்களைக் கிராம நிர்வாக அலுவலரோடு உட்கார வைத்து, குத்தகைச் சான்றையும் வாய்க்கால் பங்கையும் பேசி முடியுங்கள்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்குத் தண்ணீர் வருமுன் அந்தப் பெயர்ப் பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.