தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு சூடு? வெப்பத் தடுப்பு வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே எண்

ஓர் இடத்துக்கு மெட்மலேசியா முதல்நிலை வெப்ப எச்சரிக்கை விடுத்தால், அங்கே தொடர்ந்து 3 நாள்களாவது பகல்நேர உச்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஆனா, அது நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. உச்சி வெயிலில் ஒரு ஜிங்க் கூரை 60 டிகிரியைக்கூட தொடும். ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்ட வீடுகளில் பகல் முழுக்க இருக்கும் தாத்தா பாட்டி தாங்குவது அந்தச் சூட்டைத்தான். ஃபேன் போட்டாலும் அதே சூடான காற்றுதான் சுற்றும்.

மலாக்காவிலேயே தயாராகும் கல் பஞ்சு

இதற்கான பொருள் ஒன்று நம்ம ஊரிலேயே தயாராகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ராக்வூல் குழுமத்துக்கு ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஆலை இருக்கிறது. எரிமலைப் பாறையைச் சுமார் 1,500 டிகிரியில் உருக்கி, பஞ்சு மிட்டாய் போல சுழற்றி இழையாக்குகிறார்கள். இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. பாறை என்பதால் இது தீப்பிடிக்காது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஒரு சூடான தட்டு, ஒரு குளிர்ந்த தட்டு. நடுவில் பொருளை வைத்து, எவ்வளவு வெப்பம் கடந்து போகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவோடு பொருளின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது ‘ஆர் மதிப்பு’. எண் கூடக்கூட, தடுப்பும் கூடும். 50 மில்லிமீட்டர் கல் பஞ்சுக்கு இது ஏறக்குறைய 1.25, 100 மில்லிமீட்டருக்கு 2.5. வெறும் தகரத்துக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்.

தோட்டத்துக் கழிவும் உதவுமா?

எண்ணெய்ப்பனையின் காய் நீக்கிய குலை நார், தேங்காய் நார் ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பதில் இவை மோசமில்லை. ஆனா நம்ம நாட்டு ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தீயும் பிடிக்கும். அந்தச் சோதனைகளிலும் தேறினால்தான் கூரைக்குப் போக முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருசீர் கட்டட உபவிதிகளின் 38ஏ பிரிவு, தகரம் போன்ற எடை குறைந்த கூரைகளின் ‘யூ மதிப்பு’ 0.4-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. யூ என்பது ஆர் மதிப்பின் தலைகீழ். 1-ஐ 0.4-ஆல் வகுத்தால் 2.5. அதாவது, கூரை, காற்று இடைவெளி, சிலிங் எல்லாம் சேர்ந்து ஆர் 2.5 வர வேண்டும். ஆனால், இந்த உபவிதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக அரசிதழில் வெளியிட வேண்டும். அதோடு, இது புதிதாகக் கட்டுவதற்கான விதி. பழைய லயங்கள் இதற்குள் வராது.

அப்போ நீங்க என்ன செய்யலாம்?

ஹார்ட்வேர் கடையில் “சூடு தாங்குமா?” என்று கேட்காதீங்க. “ஆர் மதிப்பு எவ்வளவு? சோதனை அறிக்கை இருக்கா?” என்று கேளுங்க. அலுமினியத் தாள் மட்டும் வாங்கினால், தகரத்தோடு ஒட்டி வைக்காதீங்க. குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இல்லாவிட்டால் அது சரியாக வேலை செய்யாது.

வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்றால், கூரையில் கை வைக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தில் “ரொம்ப சூடா இருக்கு” என்று மட்டும் எழுதாமல், 2.5 என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்க. புது வீட்டுக்குச் சட்டம் கேட்கும் அளவு அது என்று சொன்னால், தட்டிக் கழிப்பது கொஞ்சம் கஷ்டம்.