டிராக்டரில் புகை விளக்கு: ஃபில்டரா, சென்சாரா?

கேள்வி: 55 எச்.பி. புது டிராக்டரில் புகை ஃபில்டர் விளக்கு அணையவே இல்லை. மெக்கானிக் ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவசரப்பட வேண்டாம், ஃபில்டர் விலை அதிகம். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது. அதனால்தான் கரி பிடிக்கும் இந்த ஃபில்டர். அது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதை, முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து ஒரு சென்சார் சொல்கிறது. இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் அந்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சாரிலோ ஒயரிலோதான் கோளாறு. சரியாக இருந்தால், சூடு ஆறியபின் சென்சாருக்குப் போகும் இரண்டு சிறு குழாய்களைப் பாருங்கள்: வெடிப்பு, கரி அடைப்பு, எலிக்கடியும் உண்டு. அதுவும் நன்றாக இருந்தால்தான் ஃபில்டர் பேச்சு. வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸிலேயே காட்டுங்கள். அதுவரை உழவுக்கு இறக்க வேண்டாம்.